காரணம் சொல்லித் தோற்கடிக்கும் போட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பிதழில் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி வந்த கட்டுரையை நிதானமாகப் படித்தேன். போட்டியாளரை அழவைத்து அந்த அழுகையை நெருக்கத்தில் காட்டுவது, இரண்டு பேருக்குள் பகையை மூட்டிவிட்டு அதை வாரக்கணக்கில் இழுப்பது, நடுவர்கள் அவமானப்படுத்தினால்தான் பார்வையாளர் கூடுவார்கள் என்று நம்புவது எனக் கட்டுரையாளர் வரிசையாக வைத்த குறைகளில் பெரும்பாலானவற்றை நானும் ஏற்கிறேன். கடைசியில் "எல்லாமே ஒரே குட்டை" என்ற தீர்ப்பைத்தான் ஏற்க முடியவில்லை. பணி ஓய்வு பெறும்வரை பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். விடைத்தாள் திருத்தவும் ஆண்டுதோறும் போய்வந்திருக்கிறேன். ஒருவர் செய்ததை இன்னொருவர் எப்படி மதிப்பிட வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்துகள் உண்டு. அந்தக் கருத்துகளை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்து பார்த்து, மனசார விரும்பிய ஒரு போட்டி இருக்கிறது. அதைப் பற்றி எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்பது அதன் பெயர். கேக், ரொட்டி போன்றவற்றை ஓவனில் சுடும் பிரிட்டன் நாட்டுப் போட்டி. 2010 ஆகஸ்ட் 17 அன்று பிபிசி டூ அலைவரிசையில் தொடங்கியது. பிறகு பிபிசி ஒன்னுக்குப் போய், 2017 முதல் சேனல் 4-இல் வருகிறது. ஓடிடியில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பேக் ஆஃப்' என்ற பெயரின் உரிமை அமெரிக்காவில் பில்ஸ்பரி நிறுவனத்திடம் இருப்பதால், அங்கே இதே நிகழ்ச்சி 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக்கிங் ஷோ' என்ற பெயரில் கிடைக்கிறது. தொகுப்புகளுக்கு நெட்ஃபிளிக்ஸ் போட்ட எண்ணும் பிரிட்டனில் ஒளிபரப்பான வரிசை எண்ணும் ஒத்துப்போகாது. எண்ணைப் பார்க்காமல் ஆண்டைப் பார்த்துத் தேடினால் குழப்பம் இல்லை.

நிகழ்ச்சியின் அமைப்பு மிக எளிமையானது. பசும்புல் வெளியில் ஒரு வெள்ளைக் கூடாரம். அதற்குள் பன்னிரண்டு பேர் அளவில் போட்டியாளர்கள். யாரும் தொழில்முறை பேக்கர் இல்லை. செவிலியர், மாணவர், பொறியாளர், பேரப்பிள்ளை எடுத்தவர் என்று பலவகை மனிதர்கள். வாரம் ஒரு பொருள்: கேக், பிஸ்கட், ரொட்டி, பேஸ்ட்ரி, சாக்லேட். ஒவ்வொரு வாரமும் மூன்று சுற்று. முதலாவது சிக்னேச்சர், வீட்டில் பழகிவந்த தன் சொந்தச் செய்முறையைச் செய்து காட்டுவது. இரண்டாவது டெக்னிக்கல், நடுவர் தரும் ஒரே செய்முறையை எல்லோரும் செய்வது. மூன்றாவது ஷோஸ்டாப்பர், கண்ணும் நாவும் ஒன்றுபோல வியக்கும்படி பெரிதாக ஒன்றைக் கட்டி எழுப்புவது. வாரத்தில் சிறந்தவருக்கு 'ஸ்டார் பேக்கர்' பட்டம். வழக்கமாக ஒருவர் வெளியேறுவார். பத்தாவது வாரம் இறுதிச் சுற்று. வென்றவருக்குப் பணப் பரிசு கிடையாது. பெயர் பொறித்த ஒரு கேக் ஸ்டாண்டும் ஒரு பூங்கொத்தும்தான். இவ்வளவு பெரிய நிகழ்ச்சியில் பரிசு இவ்வளவுதானா என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கூடாரத்தின் காற்று சுத்தமாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம் என்பேன். கோடி ரூபாய் தொங்கவிடப்பட்ட இடத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு வெண்ணெய் கடன் கொடுக்கும் மனசு எத்தனை பேருக்கு வரும்?

எனக்கு மிகவும் பிடித்தது டெக்னிக்கல் சுற்று. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அந்தச் சுற்று தொடங்கும் முன் நடுவர்கள் கூடாரத்தை விட்டு அனுப்பப்படுகிறார்கள். போட்டியாளர்களின் மேசையில் ஒரே அளவு பொருள்களும், பாதி எழுதி பாதி விட்ட ஒரு செய்முறைத் தாளும் இருக்கும். "கஸ்டர்டு செய்யவும்" என்று ஒரு வரி. எத்தனை நிமிடம், எந்தச் சூட்டில், எந்தப் பதம் வரை என்று ஒன்றும் இருக்காது. "வேகவைக்கவும்" என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். விட்டுப்போன வரிகளைச் செய்கிறவரின் அனுபவம்தான் நிரப்ப வேண்டும். பெயரே கேட்டிராத பண்டமாகவும் இருக்கும். அப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மாவை விரலால் அழுத்துகிறார்கள். கரண்டியின் முதுகில் கஸ்டர்டு ஒட்டுகிறதா என்று கோடு இழுத்துப் பார்க்கிறார்கள். ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு ஆய்வகத்தில் பிள்ளைகள் இப்படித் தரையில் உட்கார்ந்து ஒரு சோதனைக் குழாயைப் பார்த்தால் எந்த ஆசிரியைக்கும் அதைவிட வேறு சந்தோஷம் தேவையில்லை.

நேரம் முடிந்ததும் எல்லாப் பண்டங்களும் கட்டம்போட்ட துணி விரித்த நீள மேசைக்குப் போகும். ஒவ்வொன்றையும் அதைச் செய்தவரின் புகைப்படத்துக்குப் பின்னால் வைப்பார்கள். படம் போட்டியாளர்கள் பக்கம் திரும்பியிருக்கும். நடுவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. அதன் பிறகே நடுவர்கள் உள்ளே வருகிறார்கள். வெட்டுகிறார்கள், அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள், சுவைக்கிறார்கள், எது ஏன் சரியில்லை என்று சொல்கிறார்கள். கடைசி இடத்திலிருந்து முதல் இடம் வரை வரிசைப்படுத்துகிறார்கள். சென்ற வாரம் ஸ்டார் பேக்கர் ஆனவர் இந்த வாரம் கடைசியில் நிற்பதை எத்தனையோ தடவை பார்க்கலாம்.

விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தாளின் முகப்பிலுள்ள பெயரும் எண்ணும் மறைக்கப்பட்டுத்தான் எங்கள் கைக்கு வரும். முதல் தடவை திருத்தப் போனபோது மூத்த ஆசிரியை ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு மார்க் குறைச்சா, எதுக்குக் குறைச்சேன்னு அந்தப் பிள்ளை முன்னாடி நின்னு சொல்ல முடியணும் தாயீ. சொல்ல முடியலைன்னா குறைக்காதே." அந்தக் கூடாரத்தில் நடப்பது அதுதான். "நன்றாக இல்லை" என்று சொல்லிவிட்டு நடுவர் நகர்வது அபூர்வம். வெண்ணெய் உருகி மடிப்புகளுக்குள் போய்விட்டது, அதனால் அடுக்கு பிரியவில்லை. ஈஸ்ட் அதிக நேரம் பொங்கிவிட்டது, அதனால் ஓவனில் எழும்ப பலம் இல்லாமல் ரொட்டி தட்டையாகிவிட்டது. பழத்தில் இருந்த நீர் அடிமாவை நனைத்துவிட்டது. காரணம் இன்னது, விளைவு இன்னது. தோற்றவர் தலையாட்டுகிறார். அவருக்கே தெரிந்திருக்கிறது. அழுகிறவர்கள் உண்டு. ஆனால் ஏன் தோற்றோம் என்று புரியாமல் போகிறவர்கள் மிகக் குறைவு.

நடுவர்களைப் பற்றி என் தனிப்பட்ட அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலிருந்து 2016 வரை இருந்த மேரி பெர்ரியைப் போல மதிப்பிடத் தெரிந்தவரை நான் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. 1935-இல் பிறந்தவர். குறையைத் துல்லியமாகச் சொல்வார். ஆனால் அதற்கு முன் அந்தத் தட்டில் எது சரியாக வந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துவிடுவார். நிகழ்ச்சி சேனல் 4-க்குப் போனபோது அவர் பிபிசியோடே நின்றுவிட்டார். அவர் இடத்துக்கு ப்ரூ லீத் வந்தார். பால் ஹாலிவுட் தொடக்கம் முதல் இருப்பவர். பேக்கர் வீட்டுப் பிள்ளை. ரொட்டியைக் கையில் எடுத்து அடியில் தட்டிப் பார்க்கும் விதத்திலேயே அது தெரிகிறது. மிக நன்றாக அமைந்துவிட்டால் ஒன்றும் பேசாமல் கை நீட்டிக் குலுக்குவார். ஆரம்பத்தில் அது மிக அபூர்வம். கிடைத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 2018-இல் அந்தக் கைகுலுக்கல் அடிக்கடி வரத் தொடங்கியது, பார்வையாளர்களும் அதைக் குறையாகச் சொன்னார்கள். நானும் அவர்கள் கட்சி. முழு மதிப்பெண்ணை வாரி இறைத்தால் உண்மையிலேயே உழைத்த பிள்ளைக்குத் தர நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது.

இனி வீட்டில் பார்ப்பதன் சுகம். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. வாங்கும் எண்ணமும் இல்லை. "செய்யப்போவதில்லை என்றால் எதற்குப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கூடாரம் முழுக்க வேதியியல். கரும்பலகையில் எழுதி எழுதிச் சொன்னவை எல்லாம் அங்கே மணக்க மணக்க நடக்கின்றன. சாக்லேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிக வடிவங்களில் உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பையும், உடைக்கும்போது 'டக்' என்ற சத்தத்தையும் தரும். அதனால்தான் டார்க் சாக்லேட்டை 45, 50 டிகிரி வரை உருக்கி, 27, 28 டிகிரிக்கு ஆறவிட்டு, மறுபடி 31, 32-க்கு ஏற்றுகிறார்கள். இரண்டு டிகிரி கூடினால் போதும், பட்ட பாடு வீண். கோடைநாளில் அந்தக் கூடாரத்துக்குள் ஒருவர் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவரோடு சேர்ந்து என் மூச்சும் நின்றுவிடுகிறது. என் மாணவர்களுக்குப் படிக வடிவங்களைப் பற்றி நடத்தியபோது இந்தக் காட்சி கையில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் செய்யும் மெரிங் இன்னொன்று. முட்டை வெள்ளைக்கருவில் மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் அதன் கொழுப்பு நுரையை எழும்பவிடாது. கிரீம் நிரப்பிய நீள பேஸ்ட்ரியான எக்லேர் செய்யும் 'ஷூ' (choux) என்ற மாவில் ஈஸ்டும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து மாவைத் தள்ளி எழுப்புகிறது. உள்ளே ஈரம் காய்வதற்குள் ஓவன் கதவைத் திறந்துவிட்டால் எழும்பியது அப்படியே அமுங்கிவிடும். இதெல்லாம் தெரிந்து பார்க்கும்போது ஒவ்வொரு கதவு திறப்பும் ஒரு திகில். யாராவது அவசரப்பட்டுக் கைப்பிடியில் கை வைத்தால் "வேண்டாம், வேண்டாம்" என்று சோபாவிலிருந்து குரல் கொடுத்துவிடுகிறேன்.

இந்த இடத்தில்தான் ஓடிடி கைகொடுக்கிறது. ஒளிபரப்பில் பார்த்தால் நடப்பது நடந்து போய்விடும். இங்கே நிறுத்தலாம். டெக்னிக்கல் சுற்றில் பண்டங்கள் மேசைக்கு வந்து வரிசையாக நின்றதும், நடுவர்கள் வாய் திறக்கும் முன் நான் நிறுத்திவிடுவேன். எது கடைசி, எது முதல் என்று நாங்கள் எழுதிவைத்துக்கொள்வோம். பிறகு ஓடவிட்டுப் பார்ப்போம். பேஸ்ட்ரியை மடித்துத் திருப்பும் கையை மறுபடி பார்க்க வேண்டுமானால் பத்து விநாடி பின்னால் போகலாம். அடுக்கு மாவில் ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்குகள் எப்படிப் பெருகுகின்றன என்பது எனக்கே அப்படிப் பின்னால் போய்ப் பார்த்துத்தான் பிடிபட்டது. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க அலுக்காத ஒரு ஆசிரியர் கிடைத்தது போல இருக்கிறது.

நாங்கள் என்று சொன்னேன். என் அம்மாவும் நானும். அம்மாவுக்குக் காது மந்தம், ஆங்கிலமும் தெரியாது. ஆரம்பத்தில் நான் திரையில் ஓடும் எழுத்தைப் படித்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் "நீ சும்மா இரு, எனக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டார். அவர் பார்ப்பது கைகளை. மாவு பிசைகிறவரின் தோள் இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். முக்கியமாக மேசையைப் பார்க்கிறார். "அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணா துடைச்சுக்கிட்டே செய்றா பாரு, அவ நிப்பா" என்றார் ஒருமுறை. அந்தப் பெண் கடைசி வாரங்கள் வரை நின்றார். வெந்த பண்டத்தின் நிறத்தைப் பார்த்து உள்ளே வெந்திருக்காது என்று அம்மா சொல்வதும், நடுவர் கத்தி வைத்து வெட்டும்போது உள்ளே பச்சையாக இருப்பதும் எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிறது. மொழி தெரியாமலேயே ஒரு போட்டியின் நியாயம் முழுவதும் பிடிபடுகிறதென்றால், அது எவ்வளவு வெளிப்படையாக நடக்கிறது என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் மகளும் இதில் சேர்ந்துகொள்கிறாள். அவளுக்கு விடுமுறை நாளில், தொலைபேசியில் பேசிக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். பேச விஷயம் இல்லாமல் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று முடியும் தொலைபேசிப் பேச்சு, அந்த ஒரு மணி நேரம் முழுக்க நிறைந்திருக்கிறது. யார் அந்த வாரம் வெளியேறுவார் என்பதில் அவளுக்கும் எனக்கும் வாக்குவாதம் வரும். அவள் அலங்காரத்துக்கு மதிப்பெண் போடுவாள், நான் பதத்துக்குப் போடுவேன். அம்மா நடுவில் புகுந்து "சுத்தம்" என்பார்.

போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதைப் பற்றிக் கட்டுரையாளருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, தன் வேலையை முடித்தவர் அடுத்த மேசைக்குப் போய் கேக் சரியாமல் பிடித்துக்கொள்கிறார். பிடித்துக்கொண்டவரே அந்த வாரம் வெளியேறினாலும் ஆச்சரியமில்லை. அவர்களுக்கு எதிரி பக்கத்து மேசை இல்லை. கடிகாரமும் வெப்பமும்தான். 2018 இறுதிச் சுற்றில் ராகுல் மண்டலின் கண்ணாடி ஜாடி ஒன்று வெடித்துச் சிதறியது. துண்டுகள் பொருள்களில் விழுந்திருக்கலாம் என்பதால் மேசையைச் சுத்தப்படுத்தி, அவர் இழந்த நேரத்துக்கு ஈடாகப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். அவர் கொல்கத்தாவில் வளர்ந்து, பிரிட்டனில் ஆராய்ச்சியாளராக இருந்தவர். பாராட்டைக் கேட்டால்கூட நம்ப முடியாமல் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றவர். அவரே வென்றார். 2015-இல் வென்ற நதியா ஹுசைனின் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த இறுதிச் சுற்றைப் பிரிட்டனில் ஒரு கோடியே முப்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு எலிசபெத் அரசியின் 90-வது பிறந்தநாளுக்குக் கேக் செய்தவரும் அவரே. 2020-இல் பெருந்தொற்று நேரத்தில் எல்லோரையும் வெளியுலகத்திலிருந்து பிரித்து, எசெக்ஸில் ஒரே வளாகத்தில் தங்கவைத்து எடுத்தார்கள். அந்த ஆண்டு வென்ற பீட்டர் சாகின்ஸுக்கு இருபது வயதுதான்.

குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 2014-இல் ஒருவருடைய ஐஸ்கிரீமை வேறொருவர் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்துவைக்க, உருகிப்போன கோபத்தில் அவர் தன் பண்டத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, தொட்டியையே நடுவர் முன் கொண்டுபோய் வைத்தார். வெளியேற்றப்பட்டார். எடுத்துவைத்த பெண்மணியை வில்லியாகக் காட்டும்படி காட்சிகளை வெட்டித் தொகுத்தார்கள் என்ற குறை எழுந்தது. இந்தச் சம்பவம் பற்றி நூற்றுக்கணக்கான புகார்கள் பிபிசிக்குப் போயின. ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் இதை விசாரணைக்கு எடுக்கவில்லை. என்றாலும் அந்தத் தொகுப்பு அந்தப் பெண்மணிக்கு நியாயம் செய்யவில்லை என்பதுதான் என் கருத்து. கட்டுரையாளர் சொன்ன நோய் இங்கேயும் ஒருமுறை தலைகாட்டியிருக்கிறது. 2022-இல் ஒரு வாரத்தை மெக்சிகோவுக்கு ஒதுக்கி, அந்த மக்களைக் கேலிப்பொருளாக்கும் நகைச்சுவையைத் தொகுப்பாளர்கள் செய்தார்கள். பலத்த கண்டனம் வந்தது. அடுத்த ஆண்டு நாடுகளின் பெயரில் வாரம் வைப்பதையே கைவிட்டார்கள். தவறைச் சுட்டிக்காட்டியதும் மாற்றிக்கொண்டதை நான் குறித்துவைத்துக்கொள்கிறேன். வீம்பு பிடிக்கும் நிகழ்ச்சிகள்தான் அதிகம்.

பார்க்கும் முறையிலும் ஒரு யோசனை சொல்வேன். ஒரே மூச்சில் முழுத் தொடரையும் பார்த்து முடிக்காதீர்கள். பகுதி முடிந்ததும் அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்கும். அந்த வசதியை அமைப்புகளில் போய் நிறுத்திவைக்கலாம், நான் நிறுத்திவிட்டேன். இந்தப் போட்டி வாரத்துக்கு ஒன்றாக உருவாக்கப்பட்டது. போட்டியாளர்கள் வாரநாளெல்லாம் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு, இரவில் வீட்டில் பழகி, வார இறுதி இரண்டு நாளில் கூடாரத்துக்கு வந்து செய்கிறார்கள். முதல் வாரம் கை நடுங்கியவர் ஏழாவது வாரம் எப்படி நிமிர்ந்து நிற்கிறார் என்பதை உணர நடுவில் நாள் கடக்க வேண்டும். ஒரே இரவில் பார்த்தால் கேக்குகள் மட்டுமே நினைவிருக்கும், ஆள்கள் கலந்துபோவார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு போட்டியாளர் பெயரைக் கைபேசியில் தேடாதீர்கள். பெயரின் முதல் எழுத்துகளை அடித்ததும் 'வெற்றியாளர்' என்று பக்கத்திலேயே வந்து நிற்கும். என் மகளுக்கு அப்படி ஒரு தொடரே பாழாயிற்று. கடைசி மூன்று வாரமும் அவள் எனக்காக ஒன்றும் தெரியாதவள் போலப் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி உங்கள் பகுதியில் இனி எழுதும்போது, யார் அழுதார்கள், யார் யாரோடு மோதினார்கள் என்பதோடு, நடுவர்கள் எப்படி மதிப்பிட்டார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் மறைத்து மதிப்பிட்டார்களா, காரணம் சொன்னார்களா, தோற்றவருக்குத் தன் குறை புரிந்ததா என்ற மூன்று கேள்வியையும் எந்த நிகழ்ச்சியிடமும் கேட்கலாம். பாட்டுப் போட்டி, நடனப் போட்டி எதற்கும் பொருந்தும். பதில் இல்லாத நிகழ்ச்சிகளைக் கட்டுரையாளர் எவ்வளவு காரமாக விமர்சித்தாலும் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

இரண்டாவது சின்ன விஷயம். இறுதிச் சுற்று முடிந்த செய்தியைப் போடும்போது வென்றவரின் பெயரையும் படத்தையும் தலைப்பில் போடாதீர்கள். உள்ளே, இரண்டாவது பத்திக்குக் கீழே போடுங்கள். ஓடிடியில் வாரம் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கிறவர்கள் உங்கள் வாசகர்களில் நிறைய இருக்கிறோம். எங்கள் வீட்டில் காலையில் முதலில் பேப்பரைப் பிரிப்பது அம்மா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர்,
உங்கள் நெடுநாள் வாசகி